முதல் ஆல்பத்துக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

திருத்தணி, அரக்கோணம், பொதட்டூர்பேட்டை, நகரி, புத்தூர் வட்டாரத்தில் டெத் மெட்டல் வாசிக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்கள் டெமோக்களையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டுவிட்டு ‘சூப்பர் தம்பி’ என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். அப்படி அனுப்ப மனம் வரவில்லை. உங்களில் சிலர் முதல் ஆல்பத்துக்கு ஸ்டூடியோவில் தேதி குறித்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் இது உங்கள் காதில் விழ வேண்டும். ஒருவருக்கு மட்டும் சொன்னால் மற்றவர் அறியாமல் போவார் என்பதால் எல்லாருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கைகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏழு தந்திக் கிட்டாரில் நீங்கள் ஓட்டும் ஸ்வீப்புகளை என் தலைமுறையில் இந்த வட்டாரத்தில் ஒருவரும் வாசித்ததில்லை. தாளம் மாறும் இடங்களில் ஐந்து பேரும் ஒன்றாக இறங்குகிறீர்கள். வேலைக்கும் கல்லூரிக்கும் ரயில் பிடித்துப் போய்வந்து, இரவில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, பக்கத்து வீட்டாரின் பேச்சையும் வாங்கிக்கொண்டு இந்தத் திறமையைச் சேர்த்திருக்கிறீர்கள். அதனால்தான் என் வருத்தம் பெரிதாக இருக்கிறது. இவ்வளவு உழைத்துப் பெற்ற வாசிப்பை உங்கள் ஒலிப்பதிவு தின்றுவிடுகிறது.

ஊர் வேறு, டிரம்மர் வேறு, டிரம் கிட் வேறு. எல்லா டெமோவிலும் ஸ்னேர் மட்டும் ஒன்றே. கிக்கும் அப்படித்தான், டைப்ரைட்டர் தட்டுகிற மாதிரி ஒரே அழுத்தத்தில் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை. பேஸ் கிட்டார் வாசிப்பவர் பெயர் அட்டையில் இருக்கிறது, பாட்டில் அவரைத் தேட வேண்டியிருக்கிறது. எல்லாம் உச்சச் சத்தத்தில் இருப்பதால் சத்தம் கூடும் இடமும் குறையும் இடமும் தெரியவில்லை. ஒரு பேண்டின் பாட்டை இன்னொரு பேண்டின் பெயரில் போட்டுக் காட்டினால் உங்கள் அம்மாவுக்கு வேண்டாம், உங்களுக்கே வித்தியாசம் தெரியுமா என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

இது எப்படி நேர்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. டிரம்மர் கிளிக்கைக் கேட்டுக்கொண்டு வாசிக்கிறார். அவர் போன பிறகு என்ஜினியர் ஒவ்வொரு அடியையும் கம்ப்யூட்டரில் கோட்டின் மேல் இழுத்து வைக்கிறார். அடுத்து, ஸ்னேர் அடித்த இடத்திலெல்லாம் எங்கோ ஒரு வெளிநாட்டு அறையில் யாரோ அடித்த ஸ்னேரை ஒட்டுகிறார். கிக், டாம் எல்லாவற்றுக்கும் இதுவே கதி. கடைசியில் உங்கள் டிரம்மருடையது என்று மிஞ்சுவது சிம்பல் மட்டுமே. சில இடங்களில் அதுகூடக் கிடையாது; டிரம்மர் எதற்கு, மிடியில் எழுதிவிடலாமே என்று செலவைக் குறைத்துக் காட்டுகிறார்கள். நீங்களும் சரி என்கிறீர்கள்.

நான் டிரம்ஸ் வாசித்த பேண்டின் பதிவையும் ஒரு ஸ்டூடியோ இப்படித்தான் திருப்பிக் கொடுத்தது. இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, கால் வீங்க வீங்கப் பழகிய பிளாஸ்ட் பீட்டில் என் கை ஓரிடத்திலும் இல்லை. கேட்டதற்கு, ‘வெளிநாட்டு ஆல்பம் மாதிரி கேட்க வேண்டாமா?’ என்று திருப்பிக் கேட்டார்கள். பேண்டில் யாருக்கும் அதைத் தன்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பதிவு வெளிவரவே இல்லை, பேண்டும் நிலைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்களில் ஒருவருக்கும் அது நேரக் கூடாது என்பதால் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறேன்.

கோபத்தை விட்டுவிட்டு, காரணத்தைப் பார்ப்போம். நீங்கள் வாசிக்கும் வேகம் நிமிடத்துக்கு 240 தட்டு. ஒரு தட்டுக்கு நான்கு அடி வீதம் டபுள் பெடலை மிதித்தால் வினாடிக்கு 16 அடி, காலுக்கு எட்டு. அடிகள் வினாடிக்கு 20ஐ நெருங்கும்போது மனிதக் காது அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதை நிறுத்தி, ஒரே இரைச்சலாகக் கேட்கத் தொடங்குகிறது. நீங்கள் நிற்பது அந்த விளிம்புக்கு மிகப் பக்கத்தில். அங்கே 16 அடியும் ஒரே அழுத்தம், ஒரே நிறம், ஒரே இடைவெளி என்று இருந்தால் காதுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. தொடர்ந்த ஒரு ரீங்காரமாகக் கரைந்துவிடும். வலது கால் கொஞ்சம் பலமாக, இடது கால் கொஞ்சம் பின்தங்கி, நான்காவது அடியில் ஒரு அழுத்தம் என்று மனிதர் மிதிக்கும்போது இருக்கும் அந்தச் சின்னச் சின்ன வேறுபாடுதான் வேகத்தை வேகமாகக் கேட்க வைக்கிறது. துல்லியம் வேண்டும் என்று அதை அழித்தவர்கள் வேகத்தையே அழித்துவிட்டார்கள். டெக்னிக்கல் டெத் மெட்டலில் வேகம் கேட்கவில்லை என்றால் மிச்சம் என்ன?

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் அமெரிக்கா வரை போக வேண்டாம். ஆடிக் கிருத்திகை அன்று நம் திருத்தணி மலையடிவாரத்தில் நில்லுங்கள். காவடிகளுக்கு முன்னால் பம்பை போகிறது, உடுக்கை போகிறது. சரவணப் பொய்கைப் பக்கம் தவில் கேட்கிறது. தவில்காரர் வலந்தலையை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வாசிக்கிறார், தொப்பியைக் கழியால் அடிக்கிறார். இரண்டு பக்கமும் இரண்டு வேறு ஓசை. வேகம் ஏறும்போது ஒவ்வொரு விரலும் தோலில் விழும் இடம் சற்றே மாறுகிறது. அத்தனை கூட்டத்திலும், கோவில் ஒலிபெருக்கிச் சத்தத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக உங்கள் காதுக்கு வருகிறது. யாரும் அதைக் கோட்டில் இழுத்து வைத்துச் சரிசெய்யவில்லை. கணக்கு தவறாமல் இருப்பதும் அடிகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதும் வேறு வேறு என்று அந்தத் தவில்காரருக்குத் தெரியும். மூன்றும் நான்கும் ஐந்தும் ஏழும் ஒன்பதுமாக நடை மாற்றி, கோர்வை வைத்து, எல்லாரும் எதிர்பார்க்கும் தட்டில் வந்து விழும் அவர் கணக்கில் ஒரு மாத்திரை பிசகுவதில்லை. ஆனால் அவர் கை அவர் கையாகவே இருக்கிறது. பத்தடி தள்ளி நின்று கண்ணை மூடிக் கேட்டாலும் இன்னார் வாசிக்கிறார் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

உங்கள் டிரம்மரை அப்படிச் சொல்ல முடிய வேண்டும். இந்த மடலில் நான் கேட்பதில் பெரும்பகுதி இதுதான்.

நீங்கள் தெய்வமாக வைத்திருக்கும் முதல் ஆல்பங்களை மறுபடி எடுத்துக் கேளுங்கள், இந்த முறை ரிஃபை விட்டுவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். 1991இல் சஃபொகேஷன் ‘எஃபிஜி ஆஃப் தி ஃபர்காட்டன்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். நியூயார்க்கின் லாங் ஐலண்டிலிருந்து கிளம்பி ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் இருந்த மாரிசவுண்ட் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். ஸ்காட் பர்ன்ஸ் பதிவு செய்தார். இன்றைய அளவுகோலில் அது சுத்தமான ஒலி அல்ல. கிட்டார்கள் இருட்டாக இருக்கின்றன, அடிப்பகுதி கலங்கலாக இருக்கிறது. ஆனாலும் டிரம்மர் மைக் ஸ்மித் பிளாஸ்ட் பீட்டில் ஏறுவதும், பாரமான பகுதிக்கு இறங்கும்போது வேகத்தைத் தன் தோளில் தாங்கி இறக்குவதும் கேட்கிறது. அந்த இறக்கத்தைத்தான் முப்பது வருடமாக உலகமெங்கும் பேண்டுகள் பார்த்து எழுதிக்கொண்டிருக்கின்றன. அதைக் கோட்டில் இழுத்து வைத்திருந்தால் பின்னால் வந்தவர்களுக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது.

அதே ஸ்டூடியோவில் 1988இல் ஏதியிஸ்ட் பதிவு செய்து அடுத்த வருடம் வெளிவந்த ‘பீஸ் ஆஃப் டைம்’ ஆல்பத்தையும் கேளுங்கள். ரோஜர் பேட்டர்சன் பேஸ் கிட்டாரில் கிட்டார்களோடு சண்டை போட்டுக்கொண்டே ஓடுகிறார். 1991இல் ஒரு சாலை விபத்தில் அவர் இறந்துவிட்டார். அவருடைய விரல்கள் இன்று நமக்குக் கேட்பதற்குக் காரணம், மிக்ஸிங்கின்போது யாரோ அந்தப் பேஸுக்கு இடம் விட்டதுதான். உங்கள் பேண்டில் பேஸ் வாசிக்கும் பிள்ளையின் முகத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவர் வாசித்ததை யார் எப்போது கேட்கப் போகிறார்கள்?

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. டெத் பேண்டின் ‘ஹ்யூமன்’, அதுவும் 1991. டிரம்ஸில் ஷான் ரைனர்ட், கிட்டாரில் பால் மஸ்விடல். இருவருக்கும் இருபது வயதுதான். பேஸில் ஸ்டீவ் டிஜியார்ஜியோ. அப்படிப்பட்ட பேஸ்காரரின் வாசிப்பு அந்த ஆல்பத்தில் கிட்டார்களுக்குள் புதைந்து கிடந்தது. 2011இல் ஜிம் மாரிஸ் புதிதாக மிக்ஸ் செய்து மறுவெளியீடு வந்தபோதுதான், இவ்வளவும் இதில் இருந்ததா என்று கேட்டவர்கள் வியந்தார்கள். இருபது வருடம் ஆயிற்று. அவர்களுக்கு மூலப்பதிவும் இருந்தது, மறுபடி மிக்ஸ் செய்யப் பணம் போட ஆளும் இருந்தது. உங்களுக்கு அந்த இரண்டாம் வாய்ப்பை யார் தருவார்கள்?

பேஸ் புதைவதற்குக் காரணம் எளிது. உங்கள் ஏழு தந்திக் கிட்டார் பி சுருதி வரை இறங்குகிறது. அதன் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 62 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மின் வயிறு இருப்பதும் அந்தப் பகுதியில்தான். பேஸின் தாழ்ந்த பி 31 ஹெர்ட்ஸ். செல்போன் ஸ்பீக்கரில் அது ஏறக்குறைய கேட்காது, அதற்கு மேலே உள்ள அதன் கிளைச் சுரங்கள்தான் கேட்கும். அந்த இடத்தில் கிட்டார் டிஸ்டார்ஷனைக் கொட்டி நிரப்பிவிட்டால் பேஸுக்கு வாழ இடமில்லை. கிட்டாரின் அடிப்பகுதியைக் கொஞ்சம் வெட்டுங்கள். தனியாகக் கேட்கும்போது கிட்டார் மெலிந்துவிட்டதாகத் தோன்றும். பேஸோடு சேர்த்துக் கேளுங்கள், முன்பைவிடக் கனமாக இருக்கும். கிட்டார்காரர்களே, இதற்கு உங்கள் சம்மதம்தான் தேவை. ஸ்டூடியோவில் பிடிவாதம் பிடிப்பது பெரும்பாலும் நீங்கள்தான்.

இப்போது நீங்கள் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். “அப்படியென்றால் நெக்ரோஃபேஜிஸ்ட்?” நியாயமான கேள்வி. 1999இல் வந்த ‘ஆன்செட் ஆஃப் பியூட்ரிஃபாக்‌ஷன்’ ஆல்பத்தில் டிரம்ஸ் முழுக்க மெஷின். ஜெர்மனியில் வாழ்ந்த துருக்கியக் குடும்பத்துப் பையன் முஹம்மத் சூயிச்மெஸ் கிட்டத்தட்ட தனியாளாகச் செய்த ஆல்பம் அது. கேட்ட எவரும் அதை மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அவருடைய ரிஃபுகளின் கட்டமைப்பு அவ்வளவு உறுதியானது, எந்த டிரம்மையும் தாங்கிக்கொண்டது. ஆனால் அடுத்து அவர் என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2004இல் வந்த ‘எபிடாஃப்’ ஆல்பத்துக்கு ஹானஸ் கிராஸ்மன் என்ற டிரம்மரை உட்கார வைத்தார். மெஷினை வைத்து இவ்வளவு பெரிய பெயர் வாங்கியவரே வாய்ப்பு வந்தவுடன் மனிதரைத் தேடிப் போனார். உங்களுக்கு டிரம்மர் ஏற்கெனவே இருக்கிறார், ஜாம் ரூமில் உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவரை எழுப்பிவிட்டு மெஷினை உட்கார வைப்பதற்கு நெக்ரோஃபேஜிஸ்டைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

நம் பக்கத்திலும் முன்னே போனவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரின் மைண்ட்ஸ்னேர் இந்தியாவில் இந்த வகையை வாசித்த முன்னோடிகளில் ஒன்று. அதில் டிரம்ஸில் உட்கார்ந்தவர் யாஸ்மின் கிளேர் காஜி. தங்கைகளே, டபுள் பெடல் பெண்களுக்கு ஆகாது என்று இனி யாராவது சொன்னால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் நம் தமிழ்ப் பிள்ளைகள் 1992இல் தொடங்கிய ருத்ரா 1998இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. யாரையும் போல ஒலிக்க வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. வேதாந்தத்தையும் மந்திரத்தையும் டெத் மெட்டலில் வைத்து, அந்தப் பாதையிலேயே இன்றுவரை நடக்கிறார்கள். ஹைதராபாத்தின் காட்லெஸ் 2016இலும் 2018இலும் இரண்டு சிறு பதிவுகளைப் போட்டு, மேடையில் தங்கள் ஒலியை உருவாக்கிக்கொண்ட பிறகுதான் 2021இல் முழு ஆல்பத்துக்கு வந்தார்கள். அந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது. சென்னையில் எஷர்ஸ் நாட் இருந்தது. கணக்கு வழக்கில் அவர்களுக்கு நிகராக இந்தப் பக்கம் நான் வேறு பேண்டைக் கேட்டதில்லை. நீங்கள் வெறும் நிலத்தில் நிற்கவில்லை.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாஸ்டரிங்கில் எல்லாவற்றையும் நசுக்கி உச்சத்தில் வைத்தால்தான் மற்ற ஆல்பங்களுக்கு ஈடாக இருக்கும் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். ஸ்பாடிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் −14 லுஃப்ஸ் என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்க விடுகிறது. நீங்கள் நசுக்கி ஏற்றிய சத்தத்தை அவர்கள் இறக்கிவிடுவார்கள். ஏற்றியது போய்விடும், நசுங்கியது மட்டும் நிற்கும். இதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, நீங்கள் எந்த ஊரிலிருந்து வாசிக்கிறீர்கள் என்பது. முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனை பிறந்த இடம் திருத்தணி மலை என்பது சங்கீத உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. முருகன் முதியவராக வந்து வாயில் கற்கண்டு போட்டார், தீட்சிதர் பாடினார் என்பார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் சொல்ல வருவது அந்தக் கீர்த்தனையின் ராகம்: மாயாமாளவகௌளை. பாட்டு கற்கும் குழந்தை சரளி வரிசை பாடும் அதே ராகம். அதன் சுரங்களைக் கிட்டாரில் போட்டுப் பாருங்கள். சின்ன ரிஷபம், பெரிய காந்தாரம், சின்ன தைவதம், பெரிய நிஷாதம். நீங்கள் யூடியூப் பாடங்களில் டபுள் ஹார்மோனிக் என்று கற்றுக்கொண்டு, இருட்டு ரிஃபுக்கெல்லாம் எடுத்தாளும் ஸ்கேல் இதுதான். ஒரு மகாவித்துவான் தன் முதல் பாட்டுக்கு எடுத்த சுரங்கள், இதே மலையில். உங்கள் முதல் ஆல்பத்துக்கும் அவை வந்து சேர்ந்திருக்கின்றன. அந்தச் சுரங்களைக் கமகத்தோடு வளைத்து வாசிக்க உங்களுக்குத் தெரியும், வீட்டில் கேட்டு வளர்ந்திருக்கிறீர்கள். டெமோக்களில் அதைத் தட்டையாக்கி வாசிப்பது ஏன்?

இன்னொன்று, திருப்புகழ். ஆங்கிலப் புத்தாண்டுக்கு முந்தின இரவு நம் மலையின் 365 படிகளிலும் திருப்புகழ் பாடி ஏறும் படித் திருவிழாவை வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி நூறு வருடம் கடந்துவிட்டது. உங்களில் பாதிப் பேர் சின்ன வயதில் தாத்தா பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குளிரில் ஏறியிருப்பீர்கள். அருணகிரிநாதரின் சந்தத்தைக் கவனியுங்கள். குறிலும் நெடிலும் வல்லின மெல்லினமும் ஒரு அச்சில் வார்த்ததுபோல அடிதோறும் திரும்பத் திரும்ப வரும். பல பாடல்களில் அந்த அச்சு நாலு நாலாகப் பிரியாது. ஐந்தும் ஏழும் ஒன்றரையும் இரண்டரையும் கலந்த அளவுகளில் ஓடி, ஒரு தொங்கலில் வந்து நிற்கும். அதைப் பாடும் பாட்டிமார் ஒருவரும் விரலை மடக்கி எண்ணுவதில்லை. மெஷுக்கா, நெக்ரோஃபேஜிஸ்ட் ரிஃபுகளை எண்ணி எண்ணிப் பழகும் நீங்கள், எண்ணாமலே உடம்பில் இறங்கிய ஒரு கணக்கைச் சும்மா விட்டு வைத்திருக்கிறீர்கள். திருப்புகழைப் பாட்டில் ஒட்டச் சொல்லவில்லை. பக்திப் பாட்டை எடுத்து க்ரௌலில் பாடினால் ஊர் புண்படும், உங்களுக்கும் அது அழகில்லை. அந்தச் சந்தத்தின் கணக்கை மட்டும் எடுத்து ரிஃப் எழுதுங்கள்; சொல் உங்களுடையதாக இருக்கட்டும்.

சொல் என்றதும் மொழியும் வருகிறது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன. ம.பொ.சி.யும் அவரோடு நின்றவர்களும் சிறை போய்ப் பெற்றுக் கொடுத்த எல்லை அது. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ளவர்கள் இன்று ஒரே பேண்டில் வாசிக்கிறீர்கள், ஒரே வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் பேசுகிறீர்கள். பாட்டு எழுத உட்கார்ந்தால் மட்டும் அமெரிக்காவில் யாரோ எழுதிய பிணவறை வரிகளை ஆங்கிலத்தில் திருப்பி எழுதுகிறீர்கள். உங்கள் க்ரௌலுக்குத் தமிழின் வல்லினம் நன்றாகப் பொருந்தும்; கசடதபற தொண்டையிலிருந்து வெடித்து வரும்போது கிக்கோடு சேர்ந்து அடிக்கும். பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறிச் சத்தத்துக்குள் பிறந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே காது மங்கிப்போகும் நெசவாளியைப் பற்றி ஒரு டெத் மெட்டல் பாட்டு எழுத உங்களைத் தவிர உலகத்தில் வேறு ஆளில்லை. அந்தக் கோபம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

பணம் இல்லை என்பீர்கள், தெரியும். மனிதர் வாசித்த டிரம்ஸைப் பதிவு செய்ய எட்டு மைக், பெரிய ஹால் எல்லாம் வேண்டுமென்று பயப்படாதீர்கள். கிக்கில் ஒன்று, ஸ்னேரில் ஒன்று, தலைக்கு மேல் இரண்டு. நான்கு மைக், நான்கு வழி உள்ள ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், துணி தொங்கவிட்ட ஒரு அறை போதும். தோலைப் புதிதாக மாற்றி, சுருதி சேர்த்து, மைக் வைக்கும் இடத்துக்கு ஒரு முழுநாள் செலவழியுங்கள். அந்த ஒரு நாள் பின்னால் பத்து நாள் மிக்ஸிங்கை மிச்சப்படுத்தும். கிக்குக்கு மட்டும் உதவி தேவைப்பட்டால் நிஜ அடிக்குக் கீழே கொஞ்சம் சாம்பிள் சேர்த்துக்கொள்ளுங்கள், 240 வேகத்தில் அது நியாயம்தான். ஸ்னேரில் கை வைக்க விடாதீர்கள். டிரம்மரின் முகம் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே, ஸ்டூடியோவுக்குப் போகிறவர்களிடம் என் வேண்டுகோள். போவதற்கு முந்தின வாரம், ஜாம் ரூமில் ஐந்து பேரும் ஒன்றாக நின்று, நடுவில் ஒரு போனை வைத்து, முழு ஆல்பத்தையும் நிறுத்தாமல் ஒருமுறை வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஒலி மோசமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும்போதே என்ஜினியரிடம் எழுதி வாங்குங்கள்: எங்களைக் கேட்காமல் எந்த அடியையும் நகர்த்த மாட்டேன், ஸ்னேரை மாற்ற மாட்டேன், பேஸ் தனியாகக் கேட்கும், மூலப்பதிவின் ஃபைல்கள் முழுவதையும் கையில் தருவேன் என்று. மிக்ஸ் வந்ததும் போனில் பதிவு செய்ததையும் அதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். போன் பதிவில் உங்கள் டிரம்மரின் கை தெரிந்து, மிக்ஸில் தெரியாவிட்டால் அந்த மிக்ஸை ஏற்றுக்கொள்ளாதீர்கள், திருப்பி அனுப்புங்கள். இரண்டாவது முறையும் அப்படியே வந்தால் மறுபடியும் திருப்பி அனுப்புங்கள். வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனால் போகட்டும். நகரி பேண்டுக்கு அரக்கோணத்து என்ஜினியர், புத்தூர் பேண்டுக்குத் திருத்தணி டிரம்மரின் மைக் என்று ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மைக் வைக்கவும் தோல் மாற்றவும் ஆள் வேண்டுமென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், என் கருவிகளோடு வருகிறேன், கூலி வேண்டாம்.

அன்புடன்,
திருத்தணியிலிருந்து
உங்கள் அண்ணன், ஒரு பழைய டிரம்மர்